விரையும் விமானமும் காமிராவும்



2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாக் கடற்கரையில் இந்திய விமானப்படையின் சாகச நிகழ்ச்சி நடைபெற்றது. இத்தகைய காட்சியை டிஜிட்டல் காமிராவில் பதிப்பது எவ்வாறு?

சூரியகிரண் குழுவின் ஹாக் ஜெட் விமானங்களுக்கு ஷட்டர் ஒரு வினாடியில் 1000-இல் ஒரு பங்கு நேரமே திறக்க வேண்டும். சாரங் குழுவின் ஹெலிகாப்டர்களுக்கு 250-இல் ஒரு பங்கு போதும். அதனினும் குறைந்தால் சுழலும் விசிறி உறைந்து, வானில் தொங்கவிட்ட பொம்மையெனத் தோன்றும். காமிராவைத் தொடர் ஆட்டோஃபோகஸ் நிலையில் வையுங்கள். விமானம் செல்லும் திசையில் இடுப்பிலிருந்து உடலைத் திருப்புங்கள். பொத்தானை அழுத்திய பின்னும் நிறுத்தாதீர்கள். வெளிறிய வானில் விமானம் கருத்துவிடாதிருக்க ஒளியளவைச் சற்றே கூட்டுங்கள்.

பென்னலூர் நெடுஞ்சாலையில் விரையும் லாரிகளை, சாலையை விட்டு நன்கு விலகி நின்று எடுத்துப் பழகினால் கை பண்படும்.

மெரினாவில் அன்று திரண்ட பெருங்கூட்டத்தில், கடும் வெயிலில் வாடி ஐவர் உயிரிழந்தனர். ஆகவே பெற்றோரே, பிள்ளைகளோடு புறப்படுகையில் காமிராவுக்கு முன்னே தண்ணீரையும் குடையையும் எடுத்து வையுங்கள். தலை சுற்றுகிறதெனப் பிள்ளை சொன்னால் உடனே நிழலுக்கு அழைத்துச் செல்லுங்கள். தவறிய படத்தை இன்னொரு நாள் எடுத்துக்கொள்ளலாம்.