அப்பாவைக் கனவில் காட்ட 12,000 ரூபாய்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் வழக்கமாக வருவது மூன்றே விஷயம்தான். காவேரித் தண்ணி வரவில்லை, லிப்ட் ஓடவில்லை, என் பார்க்கிங்கில் எவனோ வண்டியை விட்டிருக்கிறான். போன வருஷம் தை மாசத்தில் நாலாவதாக ஒன்று வந்தது. பனிமலை, அதன்மேல் மிதக்கும் ஒரு பிக்கு, கீழே கொட்டை எழுத்தில்: "திபெத்திய ட்ரீம் யோகா! இரண்டே நாளில் உங்கள் கனவுக்கு நீங்களே டைரக்டர்! பறக்கலாம். பயத்தை வெல்லலாம். பிரிந்தவர்களை மறுபடி சந்திக்கலாம்." நந்தி மலைப் பக்கம் ஒரு ரிசார்ட். சாப்பாடு, தங்கல் சேர்த்து 12,000 ரூபாய்.

பறக்க எனக்கு ஆசையில்லை. மடிவாளாவில் ஏறி, ஸ்லீப்பர் பஸ்ஸின் கடைசி பெர்த்தில் தென்காசி வரை போனவன் ஏற்கனவே பறந்தவன்தான் :-) என்னை இழுத்தது அந்தக் கடைசி வரி.

கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன். 2019 ஜூன், ஒரு வெள்ளிக்கிழமை. ஆபீசில் ரிலீஸ். ராத்திரி பத்து மணிக்கு அம்மா போன். "அப்பாவுக்கு மூச்சு வாங்குதுப்பா, வாறியா?" "காலைல கிளம்பிருதேம்மா" என்றேன். மூணு மணிக்கு மறுபடி போன். அப்புறம் அவசரமாகக் கிளம்பி என்ன பிரயோஜனம். பொட்டி தட்டப் புறப்பட்டு வெளியூரில் உட்கார்ந்திருக்கும் நம்மில் எத்தனை பேரிடம் இந்தக் கதை இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஊர்ப்பெயரும் தேதியும்தான் மாறும்.

ஆக, தங்கமணியிடம் "ஆபீஸ் ட்ரெயினிங்" என்று பொய் சொல்லிவிட்டுப் போனேன். இந்தப் பதிவு அந்த வியாபாரத்தின் மேல் எனக்கிருக்கும் கோபம். வரிசையாகச் சொல்கிறேன்.

கனவுக்குள் விழிப்பு: அது பொய்யில்லை

கனவு காணும்போதே "இது கனவு" என்று தெரிந்துகொள்வது நிஜம். நம்மில் பலருக்குச் சின்ன வயசில் தானாகவே நடந்திருக்கும். 2016இல் பழைய ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்ததில், பாதிக்குச் சற்று மேலானவர்கள், அதாவது 55 சதவீதம் பேர், வாழ்நாளில் ஒருமுறையாவது இது நடந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆய்வகத்திலும் நிரூபித்தாகிவிட்டது. கனவு அதிகம் வரும் ரெம் தூக்கத்தில் உடம்பின் தசைகள் செயலற்றுக் கிடக்கும், கண்கள் மட்டும் அசையும். அதைப் பயன்படுத்தி 1975இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் என்பவர், ஆலன் வோர்ஸ்லி என்ற கனவுக்காரரைக் கனவுக்குள்ளிருந்தே கண்ணை இடமும் வலமுமாக அசைத்து சிக்னல் கொடுக்க வைத்தார். கொஞ்ச காலத்தில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் லாபர்ஜ் தனியாக அதையே செய்து 1981இல் வெளியிட்டார். 2021இல் நாலு நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து ஒருபடி மேலே போயின. தூங்குகிறவரிடம் எட்டில் ஆறு போனால் எத்தனை என்று கேட்க, அவர் கனவுக்குள்ளிருந்து கண்ணை இரண்டு தடவை அசைத்துப் பதில் சொன்னார். ஆனால் அந்த ஆய்வில் 158 தடவை கேட்டதில் சரியான பதில் வந்தது 18 சதவீதம் சொச்சம்தான். ஆய்வகத்தில் படுக்கவைத்தே இந்த லட்சணம். இரண்டு நாளில் டைரக்டர் ஆக்குகிறேன் என்கிறவரை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

திபெத்தியர் சொல்வது வேறு

அந்த இரண்டு நாளில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான். மணிக்கொரு தரம் கையைப் பார்த்து "இது கனவா?" என்று கேள். மூக்கைப் பொத்தி மூச்சு வருகிறதா பார். தலைமாட்டில் நோட்டு வைத்துக் கனவை எழுது. விடிகாலை மூன்றரைக்கு அலாரம் வைத்து எழுந்து, அரைமணி உட்கார்ந்திருந்துவிட்டு மறுபடி படு. இவை பெரும்பாலும் லாபர்ஜும் அவர் வழிவந்தவர்களும் சொல்லிக்கொடுத்த உத்திகள். நடுவில் மணி அடித்து, ஊதுவத்தி கொளுத்தியதும் "திபெத்திய" ஆகிவிட்டது.

திபெத்தில் இதற்கு மிலம் என்று பெயர். நரோபாவின் ஆறு யோகங்களில் ஒன்று. நரோபா இந்தியாவில் வாழ்ந்த பவுத்த சித்தர். அவரிடம் படித்துவிட்டுப் போன மார்ப்பா என்ற மொழிபெயர்ப்பாளர் 11ஆம் நூற்றாண்டில் அதைத் திபெத்துக்குக் கொண்டுபோனார். உள்வெப்பம், மாய உடல், கனவு, தெளிந்த ஒளி என்று போகும் வரிசையில் இது ஒரு படி. இந்த வரிசைக்குள் நுழையவே முன்பயிற்சி உண்டு. நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிடுவது மட்டும் ஒரு லட்சம் தடவை என்பது வழக்கமான கணக்கு. ரிசார்ட்டில் நாங்கள் விழுந்தது பஃபேயில்தான்.

கனவில் விழித்துக்கொண்ட பிறகு அவர்கள் செய்யச் சொல்வதைப் பாருங்கள். சின்னதைப் பெரிசாக்கு, ஒன்றைப் பலவாக்கு, தீ எரிந்தால் அதற்குள் நட. போஸ்டரில் இருந்த வித்தை மாதிரியேதான் இருக்கும். ஆனால் செய்யச் சொல்லும் காரணம் நேர் எதிர். நீ பயந்த தீயும் ஆசைப்பட்ட முகமும் உன் மனசு போட்ட படம் என்று கண்டுகொண்டு பிடியைத் தளர்த்து. விடிந்தபிறகு நிஜம் என்று நீ பிடித்துக்கொண்டிருப்பதையும் அதே கண்ணால் பார். சாகும் நேரத்தில் அது உதவும். இதுதான் பாடம். நம்ம ஊர் சைவ சித்தாந்தத்திலும் சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி, துரியம், துரியாதீதம் என்று ஐந்து அவத்தைகள் உண்டு. அங்கேயும் சொப்பனம் உயிர் கடந்துபோகும் ஒரு நிலை. அங்கேயே வீடு கட்டிக் குடியேறச் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

"ரகசியத்தை லாமாக்கள் மட்டும்தான் வைத்துக்கொள்ளணுமா?" என்று யாராவது கேட்கலாம். நான் அப்படிச் சொல்லவில்லை. நம்கை நோர்பு 1992இலும், தென்சின் வாங்யால் 1998இலும் எல்லோரும் படிக்கும்படி இதைப் புத்தகமாகவே போட்டுவிட்டார்கள். ஆசைப்பட்டவர் படிக்கட்டும், பழகட்டும். பற்றை விடுவதற்கான பயிற்சியைப் பற்றை வளர்க்கும் சரக்காக மாற்றி, அதன்மேல் அவர்கள் பெயரை ஒட்டி விற்பதுதான் என் சண்டை.

இந்தக் கூத்தில் இன்னொரு வேடிக்கை. பெங்களூரிலிருந்து 220 கிலோமீட்டரில் பைலகுப்பே இருக்கிறது. 1960இல் அன்றைய மைசூர் அரசு ஏறக்குறைய 3,000 ஏக்கர் கொடுக்க, அகதிகளாக வந்த திபெத்தியர்கள் காட்டைத் திருத்திக் குடியேறிய ஊர். பெனோர் ரின்போச்சே 1963இல் தொடங்கிய நம்த்ரோலிங் மடம் அங்கேதான். கூர்க் டூர் போகிறவர்கள் "கோல்டன் டெம்பிள்" என்று செல்பி எடுப்பது அதைத்தான். ரிசார்ட்டுக்குப் போய்வந்து சில மாசம் கழித்து நாங்களும் குடும்பமாகப் போனோம். கடைவீதியில் ஸ்வெட்டர் விற்ற ஒரு திபெத்திய அம்மா தமிழில் பேசியதும் தங்கமணிக்கு ஆச்சரியம். பல வருஷம் குளிர்காலத்தில் கோயம்புத்தூரில் ரோட்டோரம் கடை போட்டவராம். அவரிடம் மெல்ல ட்ரீம் யோகா பற்றிக் கேட்டேன். சிரித்துவிட்டார். "அது லாமாக்கு. எனக்கு காலைலருந்து வேலை. படுத்தா தூங்கிடுவேன்."

அவர் சொன்ன தூக்கத்துக்கே வருகிறேன்.

முதலில் தூங்க விடுங்கள்

நாங்கள் இருபத்திரண்டு பேர். முக்கால்வாசி ஐடி. ராத்திரி பதினொரு மணிக்கு அமெரிக்காக்காரனோடு கால், படுக்கும்போது ஒன்றரை, பிள்ளையை ஸ்கூல் பஸ் ஏற்ற ஆறரைக்கு எழுந்தாக வேண்டும். தூக்கம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரச் சுற்றுகளாக ஓடும். முன்னிரவில் ஆழ்ந்த தூக்கம் அதிகம், விடியற்காலையில்தான் ரெம் தூக்கம் நீளும். ஐந்து மணியோடு எழுகிறவன் வெட்டி எறிவது பெரும்பாலும் அந்தக் கனவுப் பகுதியைத்தான். அவனிடம் போய், மிச்சமிருப்பதிலும் நடுவில் எழுந்து உட்கார் என்பது, அரைவயிறு சாப்பிடுகிறவனுக்கு விரதம் சொல்லிக்கொடுக்கிற மாதிரி.

நான் நாற்பது நாள் செய்தேன். இருபதாம் நாள் வாக்கில் விழிப்பு வந்தும் கை கால் அசைக்க முடியாமல், நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி கிடந்தேன். ஊரில் ஆச்சி அமுக்குவான் பேய் என்பாள். பேய் இல்லை. ரெம் தூக்கத்தின் தசைச் செயலின்மை விலகுமுன் மனசு விழித்துக்கொள்வது. தூக்கம் கெட்டால் அதிகம் வரும் என்பது தெரிந்த விஷயம், ரிசார்ட்டில் யாரும் சொல்லவில்லை. முப்பதாம் நாள் வெளிவட்டச் சாலையில் பைக் ஓட்டும்போது ஒரு நொடி கண் சொருகி, டிவைடரில் உரசி நின்றேன். அத்தோடு விட்டிருக்க வேண்டும். விடவில்லை.

அந்தக் கூட்டத்தில் ஒரு பையன் "கனவு மாத்திரை" எங்கே கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தான். கலாண்டமைன். அல்சைமர் நோயாளிகளுக்கு டாக்டர் எழுதிக்கொடுப்பது. 2018இல் வந்த ஓர் ஆய்வில் அது கனவு விழிப்பைக் கூட்டியது உண்மைதான். அதற்காக அவனவன் ஆன்லைனில் வாங்கி முழுங்குவதா?

ஓசூர் ரோட்டில் நிமான்ஸ் இருக்கிறது. அங்கே விபாசனா பழகியவர்களின் தூக்கத்தை அளந்து பார்த்து 2010இல் எழுதியிருக்கிறார்கள். தியானம் செய்யாதவர்களோடு ஒப்பிட்டால் அவர்களுக்கு ஆழ்ந்த தூக்கமும் ரெம் தூக்கமும் கூடுதலாக இருந்தன. அந்தத் தியானக்காரர்கள் யாரும் கனவை ஆட்டுவிக்கப் போனவர்கள் இல்லை.

சரி, அப்பா வந்தாரா?

வந்தார். முப்பத்தெட்டாம் நாள்.

ஊரில் அவருடைய சைக்கிள் கடை. குத்தவைத்து உட்கார்ந்து டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். பழக்கதோஷத்தில் என் கையைப் பார்த்தேன். ஆறு விரல். கனவு! உடம்பெல்லாம் ஒரு சிலிர்ப்பு. இப்போது ஆணையிடு என்று ரிசார்ட்டில் சொல்லியிருந்தார்களே. "அப்பா, என்னைப் பாருங்க. கோவமில்லைன்னு சொல்லுங்க" என்றேன்.

திரும்பினார். "கோவமில்லப்பா. உன் நிலைமை எனக்குப் புரியும்" என்றார்.

விழித்ததும் கொஞ்ச நேரம் அழுதேன். அப்புறம் நோட்டை எடுத்தேன். பத்து நாள் முன்னால் "அப்பா என்ன சொல்லவேண்டும்" என்ற தலைப்பில் (அது ஒரு வீட்டுப்பாடம்) நான் எழுதி வைத்திருந்த அதே வார்த்தைகள், ஒரு எழுத்து மாறவில்லை. எங்கப்பா வாழ்நாளில் "உன் நிலைமை எனக்குப் புரியும்" என்று பேசியவர் இல்லை. போனில்கூட "சாப்ட்டியால? சரி, வச்சிருதேன்" அவ்வளவுதான். நான் எழுதிக்கொடுத்த வசனத்தை அப்பா முகம் போட்ட ஒன்று ஒப்பித்துவிட்டுப் போயிருக்கிறது. என்னை நானே மன்னித்துக்கொண்டு, அதற்கு அவரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறேன்.

ஒழுங்கான திபெத்திய ஆசான் ஒருவர் இருந்திருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்: அங்கே வருவது உன் மனசு, அதைக் கட்டிப்பிடிக்காதே என்று. நான் 12,000 கொடுத்தது கட்டிப்பிடிக்கக் கற்றுக்கொள்ள. கடைசி முகத்தைப் பார்க்கமுடியாமல் போன ஆட்கள் இந்த ஊரில் ஏராளம் என்று அந்த போஸ்டரை எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அலாரத்தை நிறுத்தினேன். பயிற்சியையெல்லாம் விட்டு ஒழுங்காகத் தூங்கி மூணு வாரம் ஆனபிறகு, நான் கூப்பிடாமலே அப்பா ஒருநாள் வந்தார். கனவு என்றே எனக்குத் தெரியவில்லை. "செயினுக்கு எண்ணெய் போட்டு எத்தன மாசம்ல ஆச்சு? இப்படியா வண்டி வச்சிருப்ப?" என்று திட்டினார். நான் எழுதிக்கொடுக்காத வசனம். அது எங்கப்பா மாதிரி இருந்தது. இதுவும் என் மனசுதான், தெரியும். ஆனால் அன்றைக்குக் காலையில் எனக்கு அழுகை வரவில்லை.

தங்கமணியிடம் உண்மையைச் சொன்னேன். திட்டிவிட்டு ஒரு கணக்கு போட்டாள். டிக்கெட் 1,500 என்று வைத்துக்கொண்டால் 12,000 ரூபாய்க்கு மடிவாளாவிலிருந்து ஊருக்கு நாலு தடவை போய்வரலாம். அம்மா இருக்கிறாள். முழங்கால் வலிக்கிறது என்கிறாள். அவளைப் பார்க்க விரல் எண்ணத் தேவையில்லை.

பெரியவன் பரீட்சை முடிந்ததும் முதல் டிரிப் போட்டாகிவிட்டது.

டிஸ்கி: மனநலப் பிரச்சினைக்கு மருந்து எடுப்பவர்கள், நிஜமா கனவா என்ற குழப்பம் ஏற்கனவே உள்ளவர்கள், நைட் ஷிப்ட் ஆட்கள் தயவுசெய்து இந்த அலாரம் விளையாட்டில் இறங்கவேண்டாம். தூக்கம் தொடர்ந்து கெட்டால் டாக்டரைப் பாருங்கள். மற்றவர்கள் போனைத் தூர வைத்துவிட்டுப் படுங்கள். கனவு வந்தால் வரட்டும் :-)