கூட்டணி: சேர்ந்து நிற்பதா, சேர்ந்து ஆள்வதா?

எலெக்‌ஷன் நெருங்கினாலே மொபைலில் வந்து விழுற நோட்டிஃபிகேஷன்ல பாதி 'கூட்டணி' பற்றித்தான். இயக்குநர், ஹீரோ சேர்ந்தாலும் கூட்டணி. கிரிக்கெட்டில் ரெண்டு பேர் நின்னு ஆடினாலும் கூட்டணி. இவ்வளவு புழங்குற வார்த்தைக்கு உண்மையில் என்ன அர்த்தம்?

கூட்டு + அணி = கூட்டணி. கூட்டு நமக்குத் தெரிஞ்சதுதான். காயும் பருப்பும் சேர்ந்து வேகிற கூட்டும் அதே 'கூடு' என்ற வேரில் வந்ததுதான். விஷயம் இருப்பது 'அணி'யில். அணி என்றால் வரிசை, படைவரிசை. அணிவகுப்பு, முன்னணி, பின்னணி எல்லாம் இந்தக் குடும்பம்தான். ஈ.சி.ஆரில் மரக்காணம் பக்கம் போனால், உப்பளத்தில் தலையில் கூடையோடு ஒருவர் பின் ஒருவராக வரப்பில் நடக்கிறவர்களைப் பார்க்கலாம். அதுவும் ஓர் அணிதான்.

ஆங்கிலத்தின் 'கோயலிஷன்', 'சேர்ந்து வளர்தல்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நம்ம கூட்டணியோ 'சேர்ந்து வரிசையில் நிற்பது'. தமிழ்நாட்டு அரசியலுக்கு இது கச்சிதமாகப் பொருந்துது.

1967-ல் ராஜாஜியின் சுதந்திரா கட்சி உட்படப் பல கட்சிகளோடு அண்ணா தேர்தலைச் சந்தித்தார். ஜெயித்ததும் அமைந்தது தி.மு.க அமைச்சரவை மட்டுமே. 2006-ல் தி.மு.க-வுக்குக் கிடைத்தது 234-ல் 96 இடங்கள்தான். பெரும்பான்மைக்கு 118 வேணும். அப்பவும் காங்கிரஸ், பா.ம.க, இடதுசாரிகள் வெளியிலிருந்துதான் ஆதரவு தந்தார்கள். 1967 முதல் 2021 வரை எந்தத் தேர்தலுக்குப் பிறகும் இங்கே கூட்டணி அமைச்சரவை வரலை.

அப்போ அதுக்கு முன்னாடி? மரக்காணம் அன்று இருந்த தென்னாற்காடு மாவட்டத்திலேயே பதில் இருக்கு. வன்னியர் பிரதிநிதித்துவம் கேட்டு ராமசாமி படையாச்சி இங்கே தமிழ்நாடு உழைப்பாளர் கட்சியை நடத்தினார். வடாற்காட்டில் மாணிக்கவேல் நாயக்கரின் காமன்வீல் கட்சி. 1952 சென்னை மாகாணத் தேர்தலில் இவங்களுக்கு 19, 6 இடங்கள். காங்கிரஸுக்கு 375-ல் 152 தான். அதனால் மாணிக்கவேலர் ராஜாஜி அமைச்சரவையிலேயே இடம்பிடித்தார். 1954-ல் காமராஜர் அமைச்சரவையில் இருவருமே அமைச்சர்கள். ஆனால், ரெண்டு கட்சியும் காங்கிரஸிலேயே கரைந்துபோச்சு.

வெளியே நின்றால் அமைச்சர் பதவி இல்லை. உள்ளே போனால் கட்சியே இல்லை. சின்னக் கட்சிகளின் சிக்கல் அன்னிக்கே தொடங்கிடுச்சு.

இதில் சாதாரண மக்களுக்கு என்ன? உப்பளத்தையே எடுத்துக்கலாம். உப்பு உற்பத்தி, நம் அரசியலமைப்பில் மத்தியப் பட்டியலில் இருக்கு. வடகிழக்குப் பருவமழை வந்து பாத்திகள் மூழ்கி வேலை நின்றால், மாநில அரசு அறிவித்த 5,000 ரூபாய் நிவாரணத்தைத்தான் எதிர்பார்க்கணும். ஒரே தொழிலாளிக்கு டெல்லியிலும் ஆள் வேணும், சென்னையிலும் ஆள் வேணும். அவர் ஓட்டு வாங்கிய கட்சி, ரிசல்ட்டுக்குப் பிறகு எங்கே உட்காருது என்பது அவருக்கு முக்கியம்.

அடுத்த தடவை 'கூட்டணி உறுதி' என்று நோட்டிஃபிகேஷன் வந்தால், எத்தனை சீட் என்பதோடு நிறுத்திக்காதீங்க. ஜெயித்த பிறகு என்ன ஒப்பந்தம் என்றும் கேளுங்க. வரிசையில் நிற்பது தேர்தல் நாளோடு முடிஞ்சிடும். ஆட்சி அஞ்சு வருஷம்.