மஞ்சள் கண்ணாடி: ஒரு திருத்தம்



கரும்பலகையில் தப்பாக எழுதிவிட்டால், எல்லோரும் பார்க்க நானே அழித்துவிட்டுத் திருத்தி எழுதுவேன். என்னிடம் படித்தவர்களுக்கு இது தெரியும். இன்றும் அப்படி ஒரு திருத்தம்தான்.

இரவில் வண்டி ஓட்ட மஞ்சள் கண்ணாடி நல்லது, எதிர் வண்டியின் வெளிச்சம் கூசாது என்று எனக்கு வந்த ஒரு செய்தியைப் போன மாதம் நம் குழுவில் பகிர்ந்தேன். அதை நம்பி நம் பழைய மாணவர் ஒருவர் வாங்கிவிட்டார். லோடு வேன் ஓட்டுகிறார். போன வாரம் எனக்கு போன் செய்தார். திண்டிவனம் தாண்டி இரவில் வந்துகொண்டிருந்தபோது, விளக்கில்லாத சைக்கிளில் ஓரமாகப் போன ஒரு பெரியவர் கிட்டே வரும்வரை கண்ணுக்கே தெரியவில்லையாம். கடைசி நொடியில் வண்டியை ஒடித்ததால் ஒன்றும் ஆகவில்லை. "டீச்சர், நீங்க அனுப்பினதுன்னுதான் யோசிக்காம வாங்கினேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

கண்ணாடிதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. இருட்டும் காரணமாக இருக்கலாம். ஆனால் இருட்டில் அந்தக் கண்ணாடி உதவாது என்பது நான் பகிரும் முன்பே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் உங்களுக்கு அந்தப் பாடத்தை நடத்தியவளே நான்தான்.

ஒளி பாடத்தில் ஆளுக்கொரு சிவப்புக் கண்ணாடித் தாள் கொடுத்தேனே, ஞாபகம் இருக்கிறதா? வெள்ளைத் தாளில் சிவப்பு மையால் எழுதியதை அதன் வழியே பார்த்தால் எழுத்து மறைந்துவிடும். பச்சை மையால் எழுதியது கறுப்பாகத் தெரியும். "மேஜிக் டீச்சர்!" என்று கத்தினீர்கள். மேஜிக் எதுவும் இல்லை. நிறக் கண்ணாடி நம் கண்ணுக்கு எதையும் கூட்டித் தராது. வருகிற வெளிச்சத்தில் ஒரு பகுதியைக் கழிக்கும். கூட்டல் கணக்கு இல்லை, கழித்தல் கணக்கு.

பகலில் வெளிச்சம் மிச்சம் இருக்கிறது, கழிக்கலாம். இரவில் இருப்பதே கொஞ்சம். அதிலும் கழித்தால் என்ன மிஞ்சும்? எதிர் வண்டியின் கூச்சம் சற்றுக் குறைந்ததுபோல் இருக்கும். கூடவே கறுப்புச் சேலை கட்டி ஓரமாக நடக்கிறவரும் மங்கிப்போவார். என் வயதுக்காரர்களுக்கு இன்னொன்று. வயது ஏற ஏறக் கண்ணின் லென்ஸே மெல்ல மஞ்சளாகிவிடுகிறது. இயற்கை ஏற்கெனவே ஒரு மஞ்சள் கண்ணாடியை மாட்டிவிட்டது, மேலே இன்னொன்று எதற்கு? இரவில் கூசுகிறது என்றால் முதலில் வண்டியின் முன்கண்ணாடியைத் துடையுங்கள். கண் பவரைப் பரிசோதியுங்கள். கண்புரை இருக்கிறதா என்று மருத்துவரிடம் பாருங்கள்.

சரி, பகலுக்குக் கூலிங் கிளாஸ் வாங்குகிறீர்கள். நாம் எல்லோரும் முதலில் பார்ப்பது நிறத்தை. என் கருத்தில் அதைக் கடைசியாகத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் புற ஊதாக் கதிர்த் தடுப்பு. "யூவி 400" என்று இருந்தால் 400 நானோமீட்டர் வரையுள்ள புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் என்று பொருள். இதற்கும் நிறத்துக்கும் சம்பந்தமில்லை. நிறமே இல்லாத கண்ணாடியிலும் அந்தத் தடுப்பு இருக்கலாம், கன்னங்கரேல் என்ற கண்ணாடியில் இல்லாமலும் போகலாம். அப்படித் தடுப்பில்லாத கறுப்புக் கண்ணாடியில் ஆபத்து உண்டு. இருட்டாகத் தெரிவதால் கண்மணி விரியும், விரிந்த வழியாகக் கதிர் உள்ளே போகும். கண்புரைக்கும் கண்ணில் சதை வளர்வதற்கும் இந்தக் கதிர் ஒரு காரணம். வெயிலில் வேலை செய்யும் நம் ஆட்களுக்கு இது ஸ்டைல் விஷயமே இல்லை. ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை மட்டும் நம்பாமல், சோதித்துக் காட்டும் கருவி இருக்கிறதா என்று கடையில் கேளுங்கள்.

இரண்டாவது, எவ்வளவு கறுப்பு என்பது. தரமான கண்ணாடியில் காதில் மாட்டும் கம்பியின் உள்பக்கம் 0 முதல் 4 வரை ஓர் எண் இருக்கும். 3 என்றால் 8 முதல் 18 சதவீத வெளிச்சம் உள்ளே வரும். நம் ஊர் வெயிலுக்கு அது போதும். 4 என்றால் 3 முதல் 8 சதவீதம்தான் வரும். பனிமலை போன்ற இடங்களுக்கானது, பகலில்கூட அதைப் போட்டு வண்டி ஓட்டக் கூடாது.

மூன்றாவதுதான் நிறம். சாம்பல் நிறம் எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும். அதனால் சிவப்பு சிவப்பாகவும் பச்சை பச்சையாகவும் தெரியும். வண்டி ஓட்டுகிறவர்களுக்கும், சிவப்பு பச்சை பிரித்துப் பார்ப்பதில் சிரமம் உள்ளவர்களுக்கும் என் சிபாரிசு அதுதான். பழுப்பு நீலத்தைக் கூடுதலாகக் கழிப்பதால் மேடு பள்ளம் சற்றுத் தெளிவாகத் தெரியும். கிரிக்கெட் ஆடுகிறவர்களுக்குப் பிடிக்கும். கரும்பச்சை இரண்டுக்கும் நடுவில். நீலம், ரோஸ், சிவப்பு எல்லாம் கல்யாண வீட்டு போட்டோவுக்கு இருக்கட்டும். சிக்னலில் நிற்கும்போது வேண்டாம்.

தண்ணீரிலும் தார்ரோட்டிலும் பட்டுத் தெறிக்கும் கூச்சத்துக்கு போலரைஸ்டு கண்ணாடி நன்றாக உதவும். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு போனைப் பார்த்தால் சில கோணங்களில் திரை கறுத்துத் தெரியும். பழுதாகிவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

நூறு ரூபாய்க் கண்ணாடி எல்லாமே மோசம் என்று நான் சொல்லவில்லை. எந்த விலைக்கு வாங்கினாலும் இரண்டு சோதனை செய்யுங்கள். வெள்ளைத் தாளின் மேல் வைத்தால் இரண்டு பக்கமும் ஒரே நிறமாக இருக்க வேண்டும். கை நீட்டிப் பிடித்து, அதன் வழியே கதவு நிலையைப் பார்த்தபடி மெல்ல அசையுங்கள். நேர்கோடு நெளிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வீட்டுப்பாடம் ஒன்றே ஒன்று. போன மாதம் நான் அனுப்பிய செய்தியை அழித்துவிடுங்கள். யாருக்காவது அனுப்பியிருந்தால், டீச்சர் சொன்னது தப்பு என்று அவர்களிடமும் சொல்லிவிடுங்கள். எனக்கு அதில் கௌரவக் குறைச்சல் இல்லை. அந்தச் சைக்கிள் பெரியவர் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தார், அது போதும்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்