தோல் கிழிந்தால் கொங்காவையே தூக்கி எறிவதா?



எங்கள் பள்ளிக் கலைக்குழுவின் கொங்கா மேளம் தோல் கிழிந்து கிடக்கிறது. புதியதே வாங்கிவிடலாம் என்கின்றனர் பெற்றோர் சிலர். அவர்தம் அன்புக்கு நன்றி. ஆயினும், அது உணவுச் சந்தை நடத்தி வெள்ளி வெள்ளியாய்ச் சேர்த்த பணம் அன்றோ!

கியூபாவில் ஆப்பிரிக்க மரபினர் உருவாக்கிய மேளம் இது. முற்காலத்தில் தோலை ஆணியடித்துப் பொருத்தி, நெருப்பனலில் காட்டிச் சுருதி ஏற்றினர். இன்றைய கொங்காவில் திருகாணிகள் உள்ளன; அவற்றைக் கழற்றினால் தோலும் கழன்று வந்துவிடும். தோல், மாற்றுவதற்கென்றே அமைந்த உறுப்பு.

எனவே, முதலில் உடலைச் சோதிப்போம். மரத்தில் சிறு விரிசல் என்றால், மரப்பசையிட்டு இறுக்கிக் கட்டினால் போதும். வாய்விளிம்பு பெரிதும் சிதைந்திருந்தால் மட்டுமே புதியதை எண்ணலாம்.

தோலின் அளவு ஏறத்தாழ 11 முதல் 12½ அங்குலம். தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறுபடுமாதலால், பழைய தோலை வளையத்தோடு கடைக்கு எடுத்துச் செல்வது நலம். மாட்டுத்தோலின் நாதம் இனிது. ஆனால் நம் நாட்டு ஈரக்காற்றில் தளரும். பள்ளிக்குச் செயற்கைத் தோலே ஏற்றது என்பது என் கருத்து. திருகாணிகளை மாறி மாறிச் சமமாக இறுக்குதல் வேண்டும்.

அப்பணியில் மாணவர்களையும் உடன் அமர்த்துவோம். செப்பனிடக் கற்ற பிள்ளை, பொருளின் அருமையையும் பெற்றோரின் உழைப்பையும் சேர்த்தே உணரும். புதுக் கொங்கா இதனைக் கற்பிக்குமா?

தங்கள் கருத்து யாது?