நாணை மறந்த நுண்கணிதம்

கல்லூரி முதலாண்டு வகுப்பில் நான் ஆண்டுதோறும் கேட்கும் கேள்வி இது: "எக்ஸ் வர்க்கத்தை வகையிட்டால் என்ன வரும்?" "இரண்டு எக்ஸ்" என்று வகுப்பே முழங்கும். "எக்ஸ் 1 ஆகும்போது 2 வருகிறதே, அந்த 2 எதன் அளவு?" என்று கேட்டால் எங்கும் அமைதி! நுண்கணிதத்தைச் சூத்திரத்திலிருந்து தொடங்கியதன் விளைவு இது. நாணிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

மாணவர்களே, வரைபடத் தாளில் அந்த வளைவரையை வரையுங்கள். எக்ஸ் 1 ஆகவும் 2 ஆகவும் உள்ள புள்ளிகளை இணைக்கும் நாணின் சாய்வு 3. இரண்டாவது புள்ளியை 1.5-க்கு நகர்த்தினால் சாய்வு 2.5, 1.1-க்கு நகர்த்தினால் 2.1, 1.01-க்கு நகர்த்தினால் 2.01. நாண் குறுகக் குறுகச் சாய்வு 2-ஐ நெருங்குகிறது. அதுவே அப்புள்ளியில் வரையும் தொடுகோட்டின் சாய்வு. வகையிடல் என்பது இவ்வாறு நெருங்கிச் சென்று எல்லையைக் காண்பதேயாகும். கோள்களின் ஒரு நாள் சராசரி வேகம் வேறு, ஒரு கணத்து வேகம் வேறு என்று பாஸ்கரர் 1150-இலேயே தம் 'சித்தாந்த சிரோமணி'யில் பிரித்துக் காட்டினார்.

இந்த வேறுபாட்டை மண்ணிலும் காணலாம். விழுப்புரம் மாவட்டத்துக் குயிலாப்பாளையம் பக்கம் மழைநீர் செம்மண் மேட்டை அரித்து ஆழமான ஓடைகளை வெட்டியிருக்கிறது. 1968-இல் அருகே ஆரோவில் தோன்றிய பிறகு, வரப்புகள் கட்டியும் மரங்கள் நட்டும் அரிப்பைத் தடுக்க முயன்றார்கள். அத்தகைய ஓடை ஒன்று 20 மீட்டர் தூரத்தில் 2 மீட்டர் இறங்குவதாகக் கொள்வோம். நாணின் சாய்வு பத்தில் ஒன்று. ஆனால் நீருக்கு இந்தச் சராசரி தெரியாது. அந்தந்த இடத்துச் சாய்வுக்கேற்பவே அது விரைகிறது. சரிவு மிகுந்த இடத்தில் மண்ணை அதிகமாகப் பெயர்க்கிறது. சராசரியை மட்டும் பார்ப்பவர் அந்த இடத்தைத் தவறவிடுவார்.

ஓடைக்கு யாரும் சூத்திரம் எழுதித் தரவில்லை. கயிறு, ரசமட்டம், அளவு நாடா ஆகியவற்றைக் கொண்டு சிறுசிறு நாண்களாக அளப்பதே வழி. இங்கே ஓர் எச்சரிக்கை. தாளில் கணக்கிடும்போது நாணை எவ்வளவும் குறுக்கலாம், மண்ணில் முடியாது. உயர வேறுபாட்டை அளப்பதில் அரை சென்டிமீட்டர் பிழை நேர்ந்தால், கிடைத்தூரம் 10 சென்டிமீட்டராக உள்ள நாணில் சாய்வு 0.05 மாறும், 1 சென்டிமீட்டராக உள்ள நாணிலோ 0.5 மாறிவிடும்!

"பாடத்தை முடிக்கவே நேரமில்லை" என்பார்கள் ஆசிரிய நண்பர்கள். இதற்கு ஒரு பாடவேளை போதும். சூத்திரத்தை மட்டும் அறிந்தவர் அதை மறந்தால் கைவிடப்பட்டவர். நாண் வரையத் தெரிந்தவரோ அதை மீண்டும் கண்டுபிடித்துக்கொள்வார்.