கண்ணைக் கட்டிக்கிட்டு ஒரு கணக்கு

போன வாரம் ஆபீஸ்ல டீ குடிக்கிறப்போ பேச்சு போட்டித் தேர்வுகள் பக்கம் போச்சு. கூட வேலை பார்க்கிற நண்பர் சொன்னார்: "பார்வையில்லாதவங்களுக்கு என்னப்பா, மணிக்கு இருபது நிமிஷம் எக்ஸ்ட்ரா, எழுதிக் குடுக்க ஆள் வேற. எனக்கும் குடுத்திருந்தா நானும் ஐஐடி போயிருப்பேன்." எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரலை. அந்த 'எழுதிக் குடுக்கிற ஆளா' நான் ஒரு தடவை உட்கார்ந்திருக்கேன்.

இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷம். வங்கி வேலைக்கான தேர்வு. டிகிரி முடிச்ச ஒரு அண்ணனுக்கு நான் ஸ்க்ரைப். அட்டவணைக் கேள்வி ஒண்ணு வந்துச்சு. அஞ்சு கம்பெனி, ஆறு வருஷம், மொத்தம் 30 எண். நமக்குன்னா வேணுங்கிற கட்டத்தை ஒரு பார்வை பார்த்தாப் போதும். அவர் நான் வாசிச்ச முப்பதையும் மனசுல நிறுத்தணும். மறந்தா, "தம்பி, மூணாவது கம்பெனி, நாலாவது வருஷம், இன்னொரு தடவை"ன்னு என்னைக் கேட்கணும். அந்த அவசரத்துல நான் ஒரு வரிசையை மாத்தி வாசிச்சுட்டேன். நாலு கேள்வி தாண்டினப்புறம்தான் உறைச்சுது. திரும்பிப் போக நேரமில்லை. சொன்னேன். "பரவால்ல தம்பி, அடுத்ததைப் படி"ன்னார்.

அவர் தேறலை. என்னாலதான்னு சொல்ல முடியாது. என்னால இல்லைன்னும் சொல்ல முடியாது.

இப்ப சொல்லுங்க மக்களே, அந்தத் தேர்வு அளந்தது அவர் கணக்கையா, என் நாக்கையா?

மணிக்கு 20 நிமிஷத்துக்குக் குறையாம கூடுதல் நேரம்ங்கிறது 2018-ல மத்திய அரசு போட்ட வழிகாட்டு விதி. இது போனஸ் இல்லை. கேட்டு, நினைவுல வச்சு, மறுபடி கேட்டு, சொல்லி எழுத வைக்கிறதுல போற நேரத்தைத் திருப்பிக் குடுக்கிறது. அவ்வளவுதான்.

அதே விதியில இன்னொண்ணும் இருந்துச்சு. சொந்தமா ஸ்க்ரைப் கூட்டிட்டு வந்தா அவர் படிப்பு ஒரு படி கீழ இருக்கணும். காப்பியடிக்கக் கூடாதாம். நியாயம்தான். ஆனா பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கைப் படிக்காத பையன் ஒரு இன்டக்ரலை எப்படி வாசிப்பான்?

விக்ரம்-வேதாளம் கதை மாதிரி ஒவ்வொருத்தரும் கோர்ட்டுக்குப் போய்த்தான் பதில் வாங்க வேண்டியிருக்கு. விகாஷ் குமார் வழக்குல, தேவையான வசதி செஞ்சு தர்றது தர்மம் இல்லை, உரிமைன்னு உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில தெளிவாவே சொல்லிடுச்சு. அதே வருஷம் நீட் எழுதின, எழுதுறதுல குறைபாடு உள்ள ஒரு மாணவிக்கு, தர வேண்டிய ஒரு மணி நேரத்தைத் தரலை. தப்புதான்னு நவம்பர்ல கோர்ட் சொல்லுச்சு. ஆனா மறுதேர்வு கிடைக்கலை. ஜெயிச்சும் தோத்த கதை.

நம்ம தொழில்ல இருக்கிறவங்களுக்கு இது இன்னும் உறுத்தணும். ஜேஇஇ மெயின் 2019-லேருந்து கம்ப்யூட்டர்லதான் நடக்குது. திரையில இருக்கிறதை வாசிச்சுக் காட்டுற என்விடிஏ மென்பொருள் இலவசம். 2006-ல அதை ஆரம்பிச்ச ஆஸ்திரேலியாக்காரர் மைக்கேல் கர்ரனுக்கே பார்வை கிடையாது. சமன்பாட்டை மேத்எம்எல்-ல எழுதினா அதையும் வாசிக்க வைக்கலாம். எத்தனை தடவை கேட்டாலும் சலிச்சுக்காது, வரிசை மாறாது. முக்கியமா, அதுக்கு விடை தெரியாது. காப்பி பயமும் போச்சு! ஆனா கேள்வியைப் படமா ஒட்டி வச்சா அது வாயை மூடிக்கும். எழுத்தா குடுங்கன்னு கேட்கிறோம். இது ராக்கெட் விஞ்ஞானமா?

யூபிஎஸ்சி ஸ்க்ரீன் ரீடர் தரலாம்னு கொள்கையளவுல முடிவெடுத்ததா 2025-லதான் உச்ச நீதிமன்றத்துல சொல்லுச்சு. சந்தோஷம். ஆனா அதுக்குள்ள எத்தனை பேர் போயிட்டாங்க? ஜேஇஇ-ல கதவு திறக்காத டெல்லி மாணவர் கார்த்திக் சாஹ்னியை 2013-ல ஸ்டான்ஃபோர்ட் உதவித்தொகையோட கூப்பிட்டுக்கிச்சு. கூப்பிட ஸ்டான்ஃபோர்ட் இல்லாதவங்க என்ன ஆனாங்க?

டீ நண்பருக்கு ஒரு ஆஃபர் குடுத்தேன். பழைய ஜேஇஇ வினாத்தாள் ஒண்ணு. கண்ணைக் கட்டிக்கங்க, நான் வாசிக்கிறேன். எக்ஸ்ட்ரா ஒரு மணி நேரம் என்ன, ரெண்டு மணி நேரமே தர்றேன். இன்னும் அவர் தேதி சொல்லலை.