சாயாத கார் பாதுகாப்பான காரா?

பழைய மைவியோ சாகாவோ வாங்கும் இளைஞர்கள் பலர் அதை அப்படியே விட்டுவைப்பதில்லை. முதலில் ரிம் மாறும், பிறகு எக்சாஸ்ட் குழாய் மாறும். அடுத்து பலரின் பட்டியலில் வருவது ‘ஸ்வே பார்’. “இதைப் போட்டால் வளைவில் கார் சாயாது, தைரியமாக வேகமாகத் திருப்பலாம்” என்று நண்பர்கள் சொல்வார்கள். இந்த வாக்கியத்தின் முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதி உயிருக்கே ஆபத்தானது. இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பள்ளியில் படிக்கும் இயற்பியலே போதும். இன்னும் சில ஆண்டுகளில் ஓட்டுநர் உரிமம் எடுக்கப்போகும் மாணவர்கள் அதை இப்போதே செய்து பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

ஸ்வே பார் எப்படி வேலை செய்கிறது? துணி மாட்டும் ஹேங்கர் கம்பி ஒன்றை எடுத்து, நடுப்பகுதி நேராகவும் இரு முனைகளும் கைகளைப் போல ஒரே பக்கம் நீண்டும் இருக்கும்படி வளைத்துக் கொள்ளுங்கள். நண்பர் ஒருவர் நடுப்பகுதியைத் தளர்வாகப் பிடித்திருக்கட்டும். இரு கைகளையும் ஒன்றாக உயர்த்தினால் கம்பி எதிர்ப்பின்றிச் சுழலும். ஒன்றை மட்டும் உயர்த்தினால் மற்றதும் கூடவே எழப் பார்க்கும். அதை அழுத்திப் பிடித்தால் நடுப்பகுதி முறுக்கிக்கொண்டு எதிர்க்கும்.

காரிலும் இதுதான் நடக்கிறது. கம்பியின் நடுப்பகுதி காரின் அடியில் பொருத்தப்பட்டிருக்கும். இரு முனைகளும் இடது, வலது சக்கரங்களின் சஸ்பென்ஷனோடு இணைந்திருக்கும். வேகத்தடையில் இரு சக்கரங்களும் சேர்ந்து ஏறும்போது கம்பி சும்மா இருக்கும். வளைவில் கார் ஒரு பக்கம் சாயும்போது மட்டும் முறுக்கி அந்தச் சாய்வைக் குறைக்கும். இதற்கான காப்புரிமை கனடாவில் 1919ஆம் ஆண்டிலேயே வழங்கப்பட்டது. நூறாண்டு கடந்தும் அடிப்படைக் கருத்து மாறவில்லை.

கடையில் விற்கும் கம்பி தொழிற்சாலைக் கம்பியைவிடச் சற்றுத் தடிமனாக இருக்கும். “2 மில்லிமீட்டர்தானே கூடுதல்” என்று தோன்றலாம். ஆனால், உருளைக் கம்பியின் முறுக்கு எதிர்ப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 20 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதிலாக 22 மில்லிமீட்டர் போட்டால் விட்டம் 1.1 மடங்காகிறது. 1.1ஐ நான்கு முறை பெருக்கிப் பாருங்கள்: 1.46. அதாவது, 10 விழுக்காடு தடிமன் கூடினால் விறைப்பு 46 விழுக்காடு கூடுகிறது. கண்ணுக்குச் சிறிதாகத் தெரியும் மாற்றம் காருக்குச் சிறிதல்ல.

இனி முக்கியமான கேள்வி. சாய்வு குறைந்தால் வளைவில் போகக்கூடிய உச்ச வேகம் கூடுமா?

சமமான சாலையில் வளைந்து செல்லும் காரை வட்டப் பாதையில் வைத்திருக்கும் மையநோக்கு விசை, டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்விலிருந்து வருகிறது. எளிய கணக்கில், உச்ச வேகத்தின் இருமடி என்பது உராய்வுக் கெழு, புவியீர்ப்பு முடுக்கம், வளைவின் ஆரம் ஆகிய மூன்றின் பெருக்கற்பலன். ஆரம் 50 மீட்டர், காய்ந்த சாலையில் உராய்வுக் கெழு 0.7 என்று வைத்துக்கொள்வோம். விடை வினாடிக்கு 18.5 மீட்டர், அதாவது மணிக்கு ஏறக்குறைய 67 கிலோமீட்டர். மழை பெய்து கெழு 0.4 ஆகக் குறைந்தால் வினாடிக்கு 14 மீட்டர், அதாவது மணிக்கு 50 கிலோமீட்டர். இந்தக் கணக்கில் டயர் இருக்கிறது, சாலை இருக்கிறது, மழை இருக்கிறது. ஸ்வே பாரின் தடிமன் எங்கும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. வளைவில் உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு எடை மாறுகிறது. எவ்வளவு மாறும் என்பதைக் காரின் நிறை, ஈர்ப்பு மையத்தின் உயரம், இடது வலது சக்கரங்களுக்கு இடையிலான தூரம், திரும்பும் வேகம் ஆகியவையே பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. கார் சாயாவிட்டாலும் எடை மாறத்தான் செய்யும். அந்த மாற்றத்தில் முன் சக்கரங்களுக்கு எவ்வளவு, பின் சக்கரங்களுக்கு எவ்வளவு என்ற பங்கீட்டைத்தான் ஸ்வே பார் மாற்றுகிறது. எந்தப் பக்கம் தடித்த கம்பி இருக்கிறதோ, அந்தப் பக்கம் பங்கு கூடும்.

பங்கீடு ஏன் முக்கியம்? ஒரு டயரின்மீது எடையை இரட்டிப்பாக்கினால் அதன் பிடிப்பு இரட்டிப்பாகாது. அதைவிடக் குறைவாகவே கூடும். ஆகவே 300 கிலோ, 300 கிலோ சுமக்கும் இரண்டு டயர்கள், 500, 100 என்று சுமக்கும் இரண்டு டயர்களைவிட நன்றாகச் சாலையைப் பற்றும். பின்பக்கம் தடித்த கம்பி போட்டால் பின் டயர்கள் அந்த 500, 100 நிலையை நோக்கிப் போகின்றன. முன் டயர்களின் பிடிப்பு கூட, பின் டயர்களின் பிடிப்பு குறைகிறது.

முன்சக்கர இயக்கக் கார்களில் எல்லை மீறும்போது முன் டயர்கள் முதலில் வழுக்கும்படி தயாரிப்பாளர்கள் வேண்டுமென்றே அமைக்கிறார்கள். பயந்துபோன ஓட்டுநர் எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுப்பார். உடனே எடை முன்னால் வந்து முன் டயர்கள் மீண்டும் பிடித்துக்கொள்ளும். பின் டயர்கள் முதலில் வழுக்கும் காரில் அதே செயல் நிலைமையை மோசமாக்கும். பின்பக்க எடை இன்னும் குறைந்து கார் பம்பரமாகச் சுழலலாம். அனுபவமுள்ள பந்தய ஓட்டுநருக்கு இதைச் சமாளிக்கத் தெரியும். உரிமம் எடுத்து ஆறு மாதமான ஒருவருக்கு, மழையில், கெந்திங் மலைச்சாலை இறக்கத்தில் அதைக் கற்றுக்கொள்ள நேரம் கிடைக்காது.

எனக்குப் பெரிய கவலை தருவது இதைவிட நுட்பமான ஒன்று. கார் சாய்வது ஓட்டுநருக்கு ஓர் எச்சரிக்கை. உடல் ஒரு பக்கம் சரியும்போது, “வேகம் அதிகம்” என்று நமக்கே தோன்றிக் காலைத் தளர்த்துகிறோம். தடித்த கம்பி அந்த எச்சரிக்கையைக் குறைத்துவிடுகிறது. ஆனால், டயர் வழுக்கும் எல்லை ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்கிறது. தைரியம் மட்டும் கூடுகிறது.

அப்படியென்றால் ஸ்வே பார் வீண் பொருளா? இல்லை. உயரமான காரில் அளவான கம்பி, ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் கார் தள்ளாடாமல் திரும்ப உதவும். சாய்வு குறைவதால் டயர் சாலையில் ஓரளவு நேராகப் பதியும்; அதனால் சில கார்களில் சிறிது பிடிப்பும் கூடலாம். பந்தயத் தடங்களில் பொறியியலாளர்கள் முன், பின் கம்பிகளை மாற்றி மாற்றிச் சோதித்து, நேரத்தை அளந்து முடிவெடுக்கிறார்கள். காரை மாற்றியமைப்பதில் ஆர்வம் காட்டுவது தவறல்ல. அளக்காமல், கணக்குப் பார்க்காமல், பொதுச் சாலையைச் சோதனைக் கூடமாக்குவதுதான் தவறு.

ஆகவே, வீட்டில் யாராவது ஸ்வே பார் வாங்கப் போவதாகச் சொன்னால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். முதலாவது, டயரின் நிலை என்ன? டயர்ப் பள்ளங்களுக்குள் 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் சிறு மேடுகள் இருக்கும். டயரின் மேற்பரப்பு அவற்றின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால், அந்தப் பணம் புதிய டயருக்குத்தான் போக வேண்டும். இரண்டாவது, காற்றழுத்தம், அப்சோர்பர், ரப்பர் புஷ்கள் எல்லாம் சரியாக உள்ளனவா? பழைய காரின் தள்ளாட்டத்துக்குப் பல நேரங்களில் இவையே காரணம். மூன்றாவது, புதிய கம்பியின் விட்டம் என்ன, பழையது என்ன? இரண்டு எண்களையும் வாங்கி, நான்காம் அடுக்குக் கணக்கை நீங்களே போட்டுக் காட்டுங்கள்.

விற்பவரால் அந்த இரண்டு எண்களைச் சொல்ல முடியாவிட்டால், அன்று எதையும் வாங்காமல் திரும்புவதே நல்லது.